ஜெனீவாவில் தஞ்சம் புகுந்த அச்சாளர் றொபேர் எத்தியென்

ஜெனீவா நகரின் பழைய பட்டணத்து மேட்டிலே சென் பியர் தேவாலயம் நிற்கிறது. அதனை ஒட்டி, மலே மாளிகை என வழங்கும் 18 ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில் சர்வதேசச் சீர்திருத்த நூதனசாலை அமைந்திருக்கிறது. 1536 மே 21 ஆம் திகதி ஜெனீவா மக்கள் ஒன்றுகூடிப் புதிய சமயநெறியை ஏற்பதென்று தீர்மானித்த இடம் இதுவே. 2005 இல் திறக்கப்பட்ட இந்நூதனசாலை 2007 இல் ஐரோப்பியப் பேரவையின் விருதைப் பெற்றது. விரிவான திருத்த வேலைகளின் பின் 2023 இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பழைய வேதாகமப் பதிப்புகளும் கையெழுத்துகளும் ஓவியங்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. சீர்திருத்த இயக்கத்தின் 500 ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்ட 2017 இல், பழைய முறையிலான மர அச்சியந்திரம் ஒன்றை அங்கே புதிதாக அமைத்து, பார்வையாளர் முன்னிலையிலேயே வேதாகமப் பக்கங்களை அச்சிட்டுக் காட்டினார்கள். ஈய எழுத்துகளைக் கையாற் கோத்து, மை தடவி, ஈரத்தாளை வைத்து, நெம்புகோலை இழுத்து ஒவ்வொரு தாளாக எடுப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டுமென்பதைப் பலர் முதன்முறையாகக் கண்டார்கள்.

அந்த உழைப்பைத் தம் வாழ்வாகக் கொண்டவர்களுள், இந்நகருக்கு அகதியாக வந்து, இந்நகரிலேயே மண்ணோடு மண்ணான ஒருவர் இருக்கிறார். வேதாகமத்தைத் திறக்கும் எவரும், எம்மொழியிலாயினும், அவருடைய கைவேலையைக் காணாமல் ஒரு பக்கத்தையும் கடக்க முடியாது. ஆயினும் அவரது பெயரை அறிந்தவர் சிலரே. பிரெஞ்சு மொழியில் றொபேர் எத்தியென் என்றும், இலத்தீனில் ஸ்தெபானுஸ் என்றும் அழைக்கப்பட்ட அப்பெரியாரின் வரலாறு, நாடு விட்டு நாடு வந்து வாழும் எமக்குப் பல வகையிலும் சிந்தனைக்குரியது.

அச்சகத்திற் பிறந்தவர்

றொபேர் எத்தியென் 1503 இல் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ஆன்றி எத்தியென், சோர்போன் பல்கலைக்கழகத்தை அண்டிய பகுதியில் அச்சகம் நடத்தியவர். 1520 இல் தந்தையார் காலமானார். அச்சகத்தில் அவருடன் தொழில் புரிந்த சிமோன் டி கொலீன் என்பவர் தாயாரை மணந்து தொழிலைத் தொடர்ந்தார். சிற்றப்பனாரின் கீழ் றொபேர் தொழில் பழகினார்.

ஏறத்தாழ இருபது வயதில், இலத்தீன் புதிய ஏற்பாட்டின் சிறிய பதிப்பொன்றை ஒப்புநோக்கும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. காலங்காலமாகப் படியெடுப்போரின் கவனக்குறைவால் நுழைந்திருந்த பிழைகள் சிலவற்றை அவர் திருத்தினார். இது சோர்போன் இறையியலாளருக்குப் பிடிக்கவில்லை. திருச்சபை பல நூற்றாண்டுகளாக ஓதிவந்த வாசகத்தில் அச்சுக்கூடத்துப் பையன் ஒருவன் கைவைப்பதா என்று அவர்கள் சினந்தார்கள். பின்னாளில் அவரை நாட்டைவிட்டே துரத்திய பகைக்கு அன்று வித்திடப்பட்டது.

1526 இல் தந்தையாரின் அச்சகத்தை றொபேர் தாமே பொறுப்பேற்றார். பாரிசின் மற்றொரு பேரச்சாளரும் அறிஞருமாகிய யொஸ் பாட் என்பவரின் மகள் பெரெத்தை மணந்தார். அந்த அம்மையாரும் இலத்தீன் அறிந்தவர். சென் ஜான் டி போவே வீதியில் இருந்த அவர்களது இல்லம், வீடும் அச்சகமும் கல்விக்கூடமும் ஒன்றாயமைந்த இடமாக விளங்கியது. பல நாடுகளைச் சேர்ந்த ஒப்புநோக்காளர்கள் அங்கே தங்கி வேலை செய்தமையால் யாவருக்கும் பொதுமொழியாக இலத்தீன் வழங்கிற்று. குழந்தைகளும் வேலையாட்களுங்கூட அம்மொழியிற் பேசப் பழகினார்கள் என்று மூத்த மகன் ஆன்றி பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

ஒலிவ மரம் ஒன்றின் கீழ் மனிதர் ஒருவர் நிற்பதும், மரத்தின் கிளைகள் சில முறிந்து விழுவதுமான படமே அவரது அச்சகத்தின் இலச்சினை. அந்த இலச்சினை உள்ள நூலில் பிழை இராது என்ற நம்பிக்கை ஐரோப்பாவெங்கும் பரவியது. அச்சுப்படிகளை அச்சகத்தின் வெளியே தொங்கவிட்டு, பிழை கண்டுபிடிப்போருக்கு வெகுமதி கொடுத்தார் என்றொரு செவிவழிக் கதை உண்டு. அரசர் நேரில் அச்சகத்துக்கு வந்தபோது, கையிலிருந்த பக்கத்தைப் பார்த்து முடிக்கும்வரை அவரைக் காத்திருக்கச் செய்தார் என்பது இன்னொரு கதை. இவை எவ்வளவுக்கு மெய்யோ, அவருடைய கண்டிப்பை மக்கள் எவ்விதம் மதித்தார்கள் என்பதற்கு இவை சான்று.

அகராதிகளும் வேதாகமங்களும்

1528 இல் றொபேர் எத்தியென் முழு இலத்தீன் வேதாகமத்தை வெளியிட்டார். பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சென்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வாசகத்தைச் செம்மை செய்திருந்தார். 1532 இலும் 1540 இலும் மேலும் திருத்தமான பதிப்புகள் வந்தன.

சமய நூல்களோடு அவர் நின்றுவிடவில்லை. இலத்தீன் மொழிக்குத் தகுந்த அகராதி இல்லையென்று கண்டு, அறிஞர் எவரும் முன்வராத நிலையில் தாமே அதனைத் தொகுத்து 1531 இல் வெளியிட்டார். 1538 இல் இலத்தீன் - பிரெஞ்சு அகராதியும், அடுத்து பிரெஞ்சு - இலத்தீன் அகராதியும் வெளிவந்தன. பிரெஞ்சு மொழியின் அகராதிக்கலைக்கு இவையே அத்திவாரம் என்பர். யாழ்ப்பாணத்தில் 1842 இல் அச்சேறிய மானிப்பாய் அகராதியை அறிந்த எமக்கு, ஒரு மொழியின் சொற்களை முதன்முதல் வரிசைப்படுத்தித் தாளில் நிறுத்துவது எத்தகைய பணி என்பதை விளக்கத் தேவையில்லை.

அரசர் முதலாம் பிரான்சுவா கல்வியை விரும்பியவர். 1539 இல் எபிரேய, இலத்தீன் நூல்களுக்கான அரச அச்சாளராக எத்தியென் நியமிக்கப்பட்டார். சிறிது காலத்தில் கிரேக்க நூல்களும் அவர் பொறுப்பில் வந்தன. கிரேக்க நூல்களை அச்சிட அழகிய எழுத்துகள் தேவைப்பட்டன. கிரீற் தீவிலிருந்து வந்து அரசருக்குச் சுவடிகள் எழுதிக்கொடுத்த அஞ்செலோ வெர்கேசியோ என்பவரின் கையெழுத்தை மாதிரியாகக் கொண்டு, புகழ்பெற்ற எழுத்துச் சிற்பி குளோட் கரமோன் அவற்றைச் செதுக்கினார்.

இவ்வேலையின் முறையை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். முதலில் எஃகுத் துண்டொன்றின் முனையில் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்குவார்கள். அதனைச் செப்புத் தகட்டில் ஓங்கி அறைந்தால் எழுத்தின் பள்ளம் பதியும். அந்தச் செப்பு அச்சில் உருகிய ஈயக் கலவையை ஊற்றி வேண்டிய அளவு எழுத்துகளை வார்த்தெடுப்பார்கள். ஆகவே செப்பு அச்சுகளை வைத்திருப்பவர் எந்த ஊரிலும் அந்த எழுத்தை மீண்டும் பிறப்பிக்கலாம். இது பின்னர் ஒரு பெரும் பிரச்சினைக்குக் காரணமாயிற்று. கையால் எழுதப்பட்ட சுவடியின் வளைவும் நெளிவும் மாறாமல் அச்சுக்கு வந்த அந்த எழுத்துகள் அரசரின் கிரேக்க எழுத்துகள் என்றே பெயர் பெற்றன.

அவ்வெழுத்துகளால் எத்தியென் 1546 இலும் 1549 இலும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைச் சிறிய அளவில் அச்சிட்டார். 1550 இல் பெரிய அளவில் மூன்றாம் பதிப்பு வந்தது. அதற்கென 15 கையெழுத்துப் பிரதிகளும் முந்திய அச்சுப் பதிப்பொன்றும் ஒப்பிடப்பட்டன. எந்தப் பிரதியில் எந்தச் சொல் வேறுபடுகிறது என்பதைப் பக்க ஓரத்தில் குறியிட்டுக் காட்டியிருந்தார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இவ்வாறு பாடபேதங்களைக் கொடுத்த முதற் பதிப்பு அதுவே.

நெருக்கடி

பாட பேதம் என்ற சொல் எமது புலவர்களுக்குச் சாதாரணமானது. அன்றைய பாரிசிலோ அது ஆபத்தானது. வேதவாக்கியத்தில் வேறுபாடுகள் உண்டு என்று ஓர் அச்சாளர் பகிரங்கமாகக் காட்டுவது, திருச்சபையின் அதிகாரத்தையே கேள்விக்குள்ளாக்குவதாக இறையியலாளர் கருதினர்.

காலமும் கெட்டிருந்தது. 1534 ஒக்ரோபரில் கத்தோலிக்கப் பூசையைக் கண்டிக்கும் சுவரொட்டிகள் ஒரே இரவில் பாரிசிலும் வேறு நகரங்களிலும் ஒட்டப்பட்டன. அவற்றை அச்சிட்டவர் இன்றைய சுவிஸ் மாநிலங்களுள் ஒன்றான நெயூஷாத்தெலில் இருந்த பியர் டி வேங்கில். அடுத்த ஆண்டு முதலாவது பிரெஞ்சு சீர்திருத்த வேதாகமத்தை அச்சிட்டவரும் அவரே. சுவரொட்டிகளால் வெகுண்ட அரசர் 1535 ஜனவரியில் நாட்டில் அச்சுத்தொழிலையே தடைசெய்ய முனைந்தார். அந்தத் தடை நிலைக்கவில்லை. ஆனால் தீயிட்டுக் கொளுத்தும் தண்டனைகள் தொடர்ந்தன. 1546 ஓகஸ்ட் 3 ஆம் திகதி, எத்தியெனின் வீட்டிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் உள்ள மோபேர் சதுக்கத்தில், எத்தியென் டொலே என்ற அச்சாளர் கொல்லப்பட்டு அவரது உடல் எரிக்கப்பட்டது. அவரது நூல்களும் நெருப்பிலிடப்பட்டன.

றொபேர் எத்தியென் வெளியிட்ட வேதாகமங்களின் குறிப்புரைகளில் மதவிரோதக் கருத்துகள் உள்ளதாக சோர்போன் குற்றஞ்சாட்டியது. குற்றங்களை எழுத்தில் தாருங்கள், விளக்கமளிக்கிறேன், தவறாயின் திருத்துகிறேன் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்களோ நீண்டகாலம் பட்டியலைக் கொடாமல், நூல்களைத் தடைசெய்வதிலேயே குறியாயிருந்தார்கள். பிரான்சுவா அரசர் உயிரோடிருந்தவரை அச்சாளருக்குப் பாதுகாப்பிருந்தது. 1547 இல் அரசர் இறந்தார். புதிய அரசர் இரண்டாம் ஆன்றியின் ஆட்சியில் சமயக் கெடுபிடிகள் இறுகின. வேதாகமங்களின் விற்பனை தடுக்கப்பட்டது.

ஒருவர் நாட்டை விட்டு வெளியேறத் தீர்மானிப்பது ஒரு நாளில் நடப்பதன்று. நாளை சரியாகும், அடுத்த மாதம் சரியாகும் என்று காத்திருந்து, ஒவ்வொரு கதவாகச் சாத்தப்படுவதைக் கண்ட பின்னரே பயணம் புறப்படுகிறது. இது எம்மவர்க்குப் புதிய செய்தியல்ல. மைத்துனர் கொன்றாட் பாட் 1549 இலேயே ஜெனீவாவுக்குப் போய்விட்டார். எத்தியென் தமது கடைசிப் பெரும் பதிப்பை அரச அச்சாளர் என்ற பெயருடன் வெளியிட்ட அதே 1550 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பாரிசை விட்டு ஜெனீவாவை அடைந்தார்.

பாரிசில் இருந்த அவரது சொத்துகள் முடக்கப்பட்டன. தம்பியார் சார்ல்ஸ் எத்தியென், உடற்கூற்றியல் நூல் எழுதிய மருத்துவர், பிள்ளைகளின் பேரால் முயன்று அவற்றை மீட்டார். பாரிஸ் அச்சகத்தையும் அவரே தொடர்ந்து நடத்தினார்.

புறப்பட்டபோது எத்தியென் கொண்டுசென்றவற்றுள் அரசரின் கிரேக்க எழுத்துகளுக்கான செப்பு அச்சுகளின் ஒரு தொகுதியும் இருந்தது. அரச சொத்தைத் திருடினார் என்று பகைவர் தூற்றினார்கள். அவை அவருக்கே உரியவை என்று வாதிட்டவர்களும் உளர். எஃகு மூலங்கள் பாரிசிலேயே இருந்தன. ஜெனீவாவிலிருந்த செப்பு அச்சுகளை 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு அரசு பணம் கொடுத்து மீட்டது. எஃகு மூலங்கள் இன்றும் பிரான்சின் தேசிய அச்சகச் சேகரத்தில் பேணப்படுகின்றன.

வசனத்துக்கு எண்

ஜெனீவா அக்காலத்தில் ஏறத்தாழ 10,000 மக்கள் வாழ்ந்த சிறு நகரம். பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அகதிகள் வந்து குவிந்தமையால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மக்கள்தொகை இரட்டித்தது. வந்தவர்களைப் பதிவதற்கென 1549 இல் நகரசபை தனியேடு ஒன்றைத் திறந்தது. வதிவாளர், நகரவுரிமை பெற்றோர், அங்கே பிறந்த குடிமக்கள் என்று படிநிலைகள் இருந்தன. என், எவ், பீ, சீ என்று அனுமதி அட்டைகளின் எழுத்துகளை மனப்பாடமாக வைத்திருக்கும் எமக்கு அந்த ஏடு அந்நியமாகத் தோன்றாது. எத்தியென் அங்கே நகரவுரிமை பெற்றது 1556 இல். அதாவது வந்து ஆறாண்டுகளின் பின்.

ஆனால் வேலை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1551 இல், வந்த மறு ஆண்டிலேயே, கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் நான்காம் பதிப்பை ஜெனீவாவில் வெளியிட்டார். கிரேக்க மூலத்தின் இருபுறமும் இரண்டு இலத்தீன் மொழிபெயர்ப்புகள் அமைந்த சிறிய நூல் அது. மூன்று வாசகங்களையும் வாசகர் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அதற்கென ஒவ்வோர் அதிகாரத்தையும் சிறு சிறு வசனங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டார்.

வேதாகமத்தின் அதிகாரப் பிரிவு 13 ஆம் நூற்றாண்டில் வந்தது. எபிரேய வேதத்தில் வசனத்தின் முடிவைக் காட்டும் மரபு யூதரிடம் முன்பே இருந்தது. புதிய ஏற்பாட்டு வசனங்களுக்கு எண்ணிட வேறொருவர் முன்பு முயன்றும் அது வழக்கில் நிலைக்கவில்லை. எத்தியெனின் எண்களே நிலைத்தன. 1553 இல் அவர் வெளியிட்ட பிரெஞ்சு வேதாகமமும், 1555 இல் வெளியிட்ட இலத்தீன் வேதாகமமும் அம்முறையைப் பின்பற்றின. 1557 இல் கொன்றாட் பாட் ஜெனீவாவில் அச்சிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாடு, இங்கிலாந்திலிருந்து தப்பிவந்த அகதிகளின் வேலை. அதன்வழி ஆங்கிலத்துக்கும் அந்த எண்கள் சென்றன. படிப்படியாக உலக மொழிகள் யாவற்றுக்கும் பரவின.

பாரிசிலிருந்து லியோனுக்குக் குதிரையிற் சென்ற பயணத்தின்போது தந்தையார் இவ்வசனப் பிரிவைச் செய்தார் என்று மகன் ஆன்றி எழுதினார். வசனங்கள் சில பொருத்தமற்ற இடத்தில் முறிவதைக் கண்ட பிற்காலத்தவர், குதிரை குலுங்கும்போதெல்லாம் பேனா தவறியதோ என்று நகைச்சுவையாகச் சொல்லி வந்தார்கள். குதிரையின் மேலிருந்தபடி எழுதினாரோ, வழிச்சத்திரங்களில் இளைப்பாறியபோது எழுதினாரோ, வழிப்பயணத்தில் அந்த வேலை நடந்தது என்பதே மகனின் கூற்று. இன்று யாழ்ப்பாணத்துத் தேவாலயத்தில் ஒருவர் யோவான் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனம் என்று சொன்னால், சூரிச்சில் இருக்கும் உறவினர் அதே இடத்தை நொடியில் எடுக்கிறார். அந்த வசதியைச் செய்துதந்தவர் இவர்.

1552 இல், தம்மை விரட்டிய சோர்போன் இறையியலாளருக்கு விரிவான மறுமொழி ஒன்றை இலத்தீனிலும் பிரெஞ்சிலும் அச்சிட்டார். அவர்கள் சுமத்திய குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தமது பதிலோடு சேர்த்தே அதில் வெளியிட்டிருந்தார். பாரிசில் இருந்து சொல்ல முடியாதவற்றை எல்லைக்கு இப்பால் நின்று சொல்ல முடிந்தது.

நெருப்பின் மறுபக்கம்

இவ்வளவோடு முடித்தால் ஒரு வீரவரலாறு கிடைக்கும். உண்மை அத்துடன் முடியவில்லை.

1553 ஓகஸ்டில் மிகுவேல் செர்வேத் என்னும் ஸ்பானிய மருத்துவர் ஜெனீவாவில் கைதுசெய்யப்பட்டார். அவரும் பிரான்சில் கத்தோலிக்க விசாரணையிலிருந்து தப்பி ஓடிவந்தவரே. திரித்துவக் கோட்பாட்டை மறுத்து நூல் எழுதியது அவர் செய்த குற்றம். ஜெனீவாவின் சமயத் தலைவரான கல்வின், தாமும் பிரான்சிலிருந்து வந்த அகதியாயிருந்தும், அவர்மீது குற்றஞ்சாட்ட முன்னின்றார். ஒக்ரோபர் 27 ஆம் திகதி, நகருக்கு வெளியே ஷம்பெல் மேட்டில், அவரது நூலோடு சேர்த்து செர்வேத்தை உயிரோடு எரித்தார்கள். அவர் அச்சிட்ட அந்நூலின் மூன்று பிரதிகளே இன்று உலகில் எஞ்சியுள்ளன.

அத்தண்டனை சரியென நிறுவுவதற்குக் கல்வின் எழுதிய இலத்தீன் நூல் 1554 இன் தொடக்கத்தில் வெளிவந்தது. அதன் முகப்பில் எத்தியெனின் ஒலிவ மரம் இருக்கிறது. மோபேர் சதுக்கத்து நெருப்பைக் கண்ட நகரிலிருந்து ஓடிவந்த மனிதரின் அச்சகத்திலேயே, ஷம்பெல் நெருப்பை நியாயப்படுத்தும் நூல் அச்சேறியது.

அவரது மனதில் என்ன இருந்தது என்பதற்குச் சான்றில்லை. கல்வின் அவருக்கு அடைக்கலம் கொடுத்த நகரின் தலைவர், அவரது பிரதான நூலாசிரியர், சமய விடயத்தில் அவர் மனமார ஏற்றுக்கொண்ட குரு. அக்காலத்தில் மதவிரோதிகளைக் கொல்வது முறையன்று என்று எண்ணியவர்கள் மிகச்சிலர். இவை காரணங்களாகலாம். குற்றத்தை அழித்துவிட மாட்டா.

அந்த மிகச்சிலருள் ஒருவர் பாசல் நகரில் இருந்தார். செபஸ்தியான் கஸ்தெலியோ என்னும் அவரும் ஓர் இடம்பெயர்ந்தவர். ஜெனீவாவில் பாடசாலைத் தலைவராயிருந்து, கல்வினோடு முரண்பட்டு வெளியேறியவர். பாசலில் ஒப்போரின் என்பவரின் அச்சகத்தில் ஒப்புநோக்கி வறுமையில் வாழ்ந்தவர். 1554 மார்ச்சில், நம்பிக்கைக்காக ஒருவரைக் கொல்லலாகாது என்று வாதிடும் நூலொன்றைப் புனைபெயரிலும் பொய்யான அச்சிட முகவரியிலும் வெளியிட்டார். கல்வினுக்கு அவர் நேரடியாக எழுதிய மறுப்பு அவரது வாழ்நாளில் அச்சேறவேயில்லை. 1612 இல் ஒல்லாந்திலேயே அது வெளிவந்தது. அவர் 1563 இல் இறந்துவிட்டார்.

ஒரே நாட்டெல்லைக்குள் தஞ்சம் தேடிய மூன்று பேரின் கதை இது. ஒருவர் எரிக்கப்பட்டார். ஒருவர் எரித்ததற்கு ஆதரவான நூலை அச்சிட்டார். ஒருவர் எரித்தது தவறென்று எழுதி, அச்சிட வழியின்றி மாண்டார். தனக்கு மறுக்கப்பட்ட உரிமையைப் பிறருக்கு மறுக்கும் ஆபத்து அகதிக்கும் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு அரிது. 1903 இல் கல்வினின் வழிவந்தவர்களே ஷம்பெல்லில் நினைவுக்கல் ஒன்றை நாட்டித் தம் முன்னோரின் தவற்றை ஒப்புக்கொண்டார்கள். ஜெனீவாவின் பெரிய வைத்தியசாலையை அண்டிய அந்தக் கல்லை எம்மவர் பலரும் அறியாமலே கடந்துபோயிருப்பர்.

இறுதி ஆண்டு

1559 எத்தியெனின் வாழ்வில் நிறைவான ஆண்டு. அவ்வாண்டு ஜூனில் ஜெனீவாக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. இன்றைய ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் மூலம் அது. அதன் விதிகளை அச்சிட்டவர் எத்தியென். கல்வினின் தலைசிறந்த நூலான சமயப் போதனைத் தொகுப்பின் இறுதி இலத்தீன் பதிப்பும் அவ்வாண்டே அவரது அச்சகத்திலிருந்து வந்தது. செப்டம்பர் 7 ஆம் திகதி அவர் கண்மூடினார்.

அச்சகத்தை மூத்த மகன் ஆன்றிக்கு எழுதிவைத்தார். அதனை ஜெனீவாவை விட்டு அகற்றக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. குடும்பம் ஒரே திசையில் செல்லவில்லை. தந்தையின் பெயரைத் தாங்கிய மகன் றொபேர், கத்தோலிக்கராகப் பாரிசுக்குத் திரும்பி அரச அச்சாளரானார். மற்றொரு மகன் பிரான்சுவா ஜெனீவாவிலேயே அச்சாளராயிருந்தார். எல்லையின் இருபுறமும் ஒரே குடும்பத்தார் ஒரே தொழிலைச் செய்தார்கள். சமயமும் அரசும் அவர்களைப் பிரித்து வைத்தன. புலம்பெயர்ந்த குடும்பங்களில் திரும்பிச் செல்பவரும் செல்லாதவரும் ஒருவரையொருவர் குறைகூறும் காட்சியை நாமும் காண்கிறோம். அங்கே தந்தையாரின் விருப்பம் ஒன்றாயும், பிள்ளைகளின் வாழ்வு பலவாயும் அமைந்தன.

ஆன்றி தந்தையை மிஞ்சிய கிரேக்க அறிஞர். 1572 இல் அவர் வெளியிட்ட கிரேக்கப் பேரகராதி அறிவுலகின் சாதனை; ஆனால் செலவு அவரை முறித்தது. அவரிடமே வேலை பார்த்த ஒருவர் அதனைச் சுருக்கிப் பாசலில் மலிவாக வெளியிட்டமையால் விற்பனை வீழ்ந்தது. 1578 இல் அவர் அச்சிட்ட பிளேட்டோவின் நூற்றொகுதியின் பக்க எண்களைக் கொண்டே இன்றும் உலக அறிஞர் பிளேட்டோவைச் சுட்டுகின்றனர். தந்தை வேதத்துக்கு எண் கொடுத்தார். மகன் தத்துவத்துக்கு எண் கொடுத்தார். கடன் தொல்லையால் ஊரூராய் அலைந்த ஆன்றி 1598 இல் லியோன் நகர வைத்தியசாலையில் இறந்தார்.

எமக்கு எட்டிய கிளை

அந்த 1578 ஆம் ஆண்டு எமக்கும் முக்கியமானது. அவ்வாண்டில்தான் கொல்லத்தில், தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்கச் சிறுநூலை என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் வெளியிட்டார். பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715 இல் முழுமையாக வந்தது. 1759 இல் கொழும்பில், பிலிப் டி மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. வசனங்களும் எண்களும் அவ்வழியே எம் மொழிக்கு வந்தடைந்தன.

யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர், சைவரான ஆறுமுக நாவலர். மறுசமய நூலின் ஒவ்வொரு வசனத்தையும் தமிழிற் செப்பனிட்டவர், அச்சின் வலிமையை அங்கே உணர்ந்து, பின்னர் வண்ணார்பண்ணையில் தமது அச்சியந்திரத்தை நிறுவினார். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பிழை களைந்து பதிப்பித்தார். எத்தியென் பாரிசில் செய்த பணியின் இயல்பும் அதுவே.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் மீளக் கிடையாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அந்நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகையின் அச்சகமும் தீக்கிரையானது. அச்சுக்கூடத்தின் மேல் ஆத்திரம் கொள்வோர் எக்காலத்திலும் இருந்துள்ளனர். தப்பியவர்கள் வேறிடத்தில் மீண்டும் எழுத்துக் கோத்ததும் எக்காலத்திலும் நடந்திருக்கிறது.

சுவிஸ் நாட்டில் இவ்வரலாற்றின் தடயங்களைக் காண்பதற்கு இடங்கள் பல உண்டு. சென் காலன் மடத்து நூலகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சமயச் சுவடிகள் உள்ளன. ஜெனீவாவை அடுத்த கொலொனியில், மார்ட்டின் போட்மர் சேகரித்த பழம்பெரும் பப்பிரசுச் சுவடிகளும் கூட்டன்பேர்க் வேதாகமமும் உள்ளன. பாசலின் காகித ஆலை நூதனசாலையில் காகிதம் செய்வதையும் எழுத்து வார்ப்பதையும் அச்சிடுவதையும் நேரிற் காணலாம். சிறுவர் தாமே காகிதம் செய்தும் பார்க்கலாம். பாரிசில் வாழ்வோருக்கு, பதின்மூன்றாம் வட்டாரத்தில் 1889 முதல் இயங்கும் அச்சுக்கலைக் கல்லூரி எத்தியெனின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், சீர்திருத்த நூதனசாலையில் வேதாகமங்களைப் பார்த்தபின் ஷம்பெல் நினைவுக்கல்லையும் காட்டிவிட்டு வருதல் நன்று. ஒலிவ மரத்தின் நிழல் அந்த இரண்டு இடங்களிலும் விழுகிறது.